நாலு குட்டை, ரெண்டு நீளம்

"ஆறு ஸ்க்ரூவும் போட்டேன்க்கா. என் கையாலதான் போட்டேன்."

"ஆறும் போட்டா மூடி எப்படிடா நகரும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

"அதைத்தான் நானும் மாமாகிட்ட கேக்குறேன். அவரு வாயத் தொறக்கட்டும்."

மாமா வாயைத் திறக்கவில்லை. உப்புத்தாளை மடித்து வைத்துப் பலகையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஓரம் ஏற்கெனவே குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்றுதான் இருந்தது. தேய்த்த இடத்தையே ஒருவர் திரும்பத் திரும்பத் தேய்க்கிறார் என்றால் எதையோ மறைக்கிறார் என்று எனக்கே தெரிகிறது, கட்டிய மனைவிக்குத் தெரியாதா?

இது சவப்பெட்டி செய்கிற பட்டறை. பாதிப் பட்டறைக்கு மேலே தகரக் கூரை, மீதிப் பாதிக்கு மேலே இருக்கிற மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கீழே டிரில்லர் ஓடினால் மேலே என் கட்டிலும் சேர்ந்து ஓடும். தூங்கவும் முடியாது, படிக்கவும் முடியாது, அதனால் பாதி நேரம் கீழேயே வந்து உட்கார்ந்துவிடுவேன். அந்த மாமாதான் பட்டறைக்காரர், அவரை நான் அண்ணன் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். முழங்கால் வரை சேறோடு வாசலில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது அக்காவின் தம்பி. அடக்கத்துக்குப் பெட்டி ஏற்றிப்போகும் வண்டியை ஓட்டுகிறவர். அண்ணன் பெட்டி செய்வார், அக்கா உள்ளே ஸ்பாஞ்சும் துணியும் வைத்து அடிப்பார், தம்பி கொண்டுபோய்க் கடைசியில் மூடியை முறுக்குவார். மூன்று பேரும் ஒரே வேலையின் மூன்று முனைகள். அதனால் ஒரு முனையில் தப்பு நடந்தால் மற்ற இரண்டும் சும்மா இருக்காது.

"வாசல்லயே நிக்காத, உள்ள வா. முழுசா சொல்லு. எங்க நடந்தது?"

"கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுற மேட்டுல. மழைதான் விடவே இல்லையே. ஆறு பேரு தூக்கிட்டுப் போறோம். பின்னாடி வந்த சொந்தக்காரருக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணி, கால் வைக்கிற இடம் தெரியல, வழுக்கிட்டாரு. பெட்டி ஒரு பக்கமா சாஞ்சுது. நான் தோளக் குடுத்துத் தாங்கிட்டேன். பெட்டி நின்னுருச்சு, மூடி நிக்கல. கால்மாட்டுல ஒரு ஸ்க்ரூ மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்க, தலைமாட்டுப் பக்கம் அப்படியே சுத்திக்கிட்டு ஒரு சாண் திறந்துக்கிச்சு."

"கடவுளே. ஆளு தெரிஞ்சாரா?"

"நெத்தியும் முடியும் தெரிஞ்சுது. அதுகூடப் பரவாயில்லக்கா. அவரு பொண்ணு இருக்குல்ல, பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் குடுக்குமே, அது 'அப்பா எந்திரிக்கிறாரு, அப்பா எந்திரிக்கிறாரு'ன்னுக்கிட்டு ஓடி வந்துருச்சு."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் நின்றுவிட்டதால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

தம்பி சட்டைப் பையில் கைவிட்டு எதையோ அள்ளி வேலைப்பலகையின் மேல் போட்டார். ஆறு ஸ்க்ரூ.

"வண்டியில இருந்த வேற ஸ்க்ரூவ எடுத்துப் போட்டு மூடி, காரியத்த முடிச்சுட்டு வந்தேன். இத மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்தேன். பாரு, இது ரெண்டும் சுண்டுவிரல் நீளம், அதுலயும் ஒண்ணு சாஞ்ச வேகத்துல பிடுங்கிக்கிச்சு. இந்த நாலும் அதுல பாதி. குட்டை. மூடிப் பலகையோட நின்னுக்கும், கீழ இருக்கற சட்டத்தத் தொடவே தொடாது. மேல பாத்தா ஆறு தலையும் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கு."

"முறுக்குறப்ப உனக்குத் தெரியலையாடா?"

"மாமாதான் பாதி முறுக்கியே அனுப்புவாரே. எனக்குத் தலை மட்டுந்தான தெரியும்? மழையில நின்னுக்கிட்டு மெஷின வச்சு முறுக்குறவன், ஒவ்வொண்ணாப் பிடுங்கி நீளம் பாத்துக்கிட்டு இருப்பேனா?"

அக்கா ஒரு குட்டையை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார்.

"என்னங்க. இது தெரியாம நடந்துதா, தெரிஞ்சு நடந்துதா?"

"தெரிஞ்சுதான்."

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்காலத்துலேர்ந்து."

"போன மழைக்காலமா? அப்ப மண்ணுக்குள்ள எத்தனை பேரு இந்த மாதிரி கிடக்குறாங்க?"

"கிடக்கல," என்றார் அண்ணன். "காத்துக்கிட்டு இருக்காங்க."

தம்பி தலையில் கைவைத்து அப்படியே மரத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆண்டவர் திரும்பி வருவார் என்று நம்புகிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இவர் நம்பிக்கையே வேறு மாதிரி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பேசிக்கொண்டே இருப்பார், கண் மட்டும் ரோட்டுத் திருப்பத்தில் இருக்கும். அந்த முகம் இவருக்கு எப்போதும். பட்டறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கும். வருகிற அன்றைக்கு மரத்தூளோடு போய் நிற்கக் கூடாதாம். அக்கா மாதாமாதம் அந்தச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, திரும்ப மாட்டுவார். ஒரு நாள்கூட உடம்பில் ஏறாத சட்டை. "என் பக்கத்து விசேஷத்துக்குப் போட்டுட்டு வாங்கன்னா வரமாட்டாரு. யாரும் போடாத சட்டைக்கு நான் பொத்தான் தச்சுக்கிட்டு இருக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் புலம்புவார்.

கூரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சரியாக வார்னிஷ் அடிக்கிற இடத்துக்கு மேலே. அடைக்கச் சொன்னால், "நாளைக்கு வந்துட்டாருன்னா இந்தக் கூரை எதுக்கு?" என்பார். "அவரு இறங்குறதுக்குன்னு வழி விட்டு வச்சிருக்கீங்களா?" என்பார் அக்கா. ஆனால் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பித்த பெட்டியை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். "வர்றப்ப வேலை பாதியில கிடக்கக் கூடாது." இந்த மழையில் பசை காயாது, வார்னிஷ் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், அப்போதும் விளக்கைக் கிட்டத்தில் வைத்து, விசிறியைத் திருப்பி வைத்து, ஊதி ஊதிக் காயவைப்பார். மூலைகள் ஒவ்வொன்றும் மயிரிழை நுழையாமல் பொருந்தியிருக்கும். அவ்வளவு அருமையாகச் செய்த பெட்டிக்குத்தான் நாலு குட்டை ஸ்க்ரூ.

அக்காவும் விசுவாசிதான். ஆனால் அவர் அதை ஞாயிற்றுக்கிழமையோடு மடித்து வைத்துவிட்டு மற்ற நாட்களில் வேலையைப் பார்க்கிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"சரி, காரணத்தையாவது சொல்லுங்க," என்றார் அக்கா. "பைத்தியம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன்."

அண்ணன் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை போயி மரிச்சவங்க எந்திரிப்பாங்கன்னு நின்னுக்கிட்டு சொல்றோம். சத்தமா சொல்றோம். திங்கக்கிழமை இங்க வந்து ஆறு ஸ்க்ரூ வச்சு முறுக்குறோம். கடைசி சுத்துல ஒரு கிரீச் சத்தம் வரும் பாரு. 'இவ்வளவுதான் உன் கதை'ன்னு சொல்ற மாதிரி இருக்கும். நான் சொல்றது ஒண்ணு, என் கை சொல்றது ஒண்ணா இருந்துச்சு."

"கல்லறைக் கல்லையே புரட்டிப்போட்டு எந்திரிச்சவரு. அவருக்கு ஒரு ஸ்க்ரூவக் கழட்டத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். எனக்குத்தான் முறுக்க வரல."

அக்கா ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு போய், பாதியில் விட்ட மூடிக்குத் துணி அடிக்க உட்கார்ந்துவிட்டார். டக், டக், டக் என்று அவர் அடித்த அடியில் எல்லாக் கோபமும் இருந்தது. "மூடித் துணியில தூசி பறக்குது, தேய்க்கறதுன்னா அந்தப் பக்கம் போயித் தேயுங்க," என்றார். அண்ணன் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

மறுநாள் காலையிலேயே கோட்டுக்காரர் வந்துவிட்டார். அடக்கக் காரியங்களை மொத்தமாக எடுத்து நடத்துகிறவர். கறுப்புக் கோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததே இல்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று தம்பிக்குச் சந்தேகம். இந்தப் பட்டறையின் பெட்டி அத்தனையும் அவருக்குத்தான் போகிறது. தம்பி ஓட்டுகிற வண்டியும் அவருடையதுதான்.

"மேஸ்திரி, எனக்குக் கோபமே வரல," என்று கோபமாக ஆரம்பித்தார். "இந்தத் தொழில்ல சனங்க நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. வச்சது வச்சபடி இருக்கணும். பூ வாடிப்போனாக்கூட மன்னிச்சுருவாங்க. இத மன்னிக்க மாட்டாங்க."

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? இனிமே ஆறும் நீளமா இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"சொல்றாரு," என்றார் அக்கா பின்னாலிருந்து. "சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"என்னங்க."

"வாயால சொல்லிட்டு, கை வராம மறுபடியும் குட்டைய வச்சுட்டேன்னா அது பொய்யாயிரும்."

"இத்தனை நாளா தலைய மட்டும் பளபளன்னு வச்சு அனுப்புனீங்களே, அது என்னவாம்?"

அண்ணன் யோசித்தார். அவரிடம் இதுதான் பிரச்சினை, எந்தக் கேள்வி கேட்டாலும் உட்கார்ந்து உண்மையாக யோசிப்பார். "அதுவும் பொய்தான். நீ சொல்றது சரி. அதனாலதான் இன்னொண்ணு சேர்க்க வேணாம்னு பாக்குறேன்."

கோட்டுக்காரர் அக்கா பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரரு நெசமாவே நல்லவரா, இல்ல என்னைய வச்சு விளையாடுறாரா?"

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நானும் அதைத்தான் கண்டுபிடிக்கப் பாக்குறேன்."

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஆறும் நீளமா ஒரு பெட்டி எனக்குக் காட்டுங்க. இல்லன்னா வேற பட்டறை பாத்துக்கறேன். உங்க மச்சானையும் நான் வச்சுக்க முடியாது. கண்ணத் தொறந்துக்கிட்டு முறுக்குற ஆளு எனக்கு வேணும்."

அவர் போனதும் அக்கா ரொட்டியை வெட்டி, முட்டையை உரித்து, தட்டில் வைத்து, அண்ணன் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். அண்ணன் கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

"நல்லா சாப்பிடறீங்க."

"பசிக்குது."

"பட்டறை போகப்போகுது. என் தம்பி வேலை போகப்போகுது. உங்களுக்குப் பசிக்குது." அக்கா எதிரே உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு நான் போயிட்டேன்னா, எனக்குன்னு பெட்டி நீங்கதான செய்வீங்க? அதுல எத்தனை போடுவீங்க?"

"உனக்கு ஒண்ணுகூடப் போட மாட்டேன்."

"மழைத்தண்ணி உள்ள வரும்."

அண்ணன் மென்றுகொண்டே அதையும் யோசித்தார். "சுத்தி ரப்பர் வச்சுருவேன். ஃபிரிட்ஜ் கதவுல இருக்குமே, அந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கையிலிருந்த டீயோடு மாடிக்கு ஏறிவிட்டேன்.

அடுத்து அக்கா பாஸ்டரை அழைத்துவந்தார். இளம் வயதுக்காரர், பாவம். ரப்பர் பூட்ஸோடு வந்து, மரச்சுருளில் கால் புதைய நின்றுகொண்டு, எங்கே உட்காரலாம் என்று தேடினார். அங்கே உட்காருகிற உயரத்தில் இருந்தது எல்லாம் பெட்டிதான். நான் என் ஸ்டூலைக் கொடுத்தேன்.

"நீங்கதான ஆரம்பிச்சீங்க," என்றார் அக்கா. "போன மழைக்காலத்துல அந்தக் கல்லப் புரட்டுனதப் பத்திப் பேசுனீங்க. அதுக்கப்புறம்தான் இவரு குட்டை வாங்க ஆரம்பிச்சது. நீங்களே முடிச்சு வச்சுட்டுப் போங்க."

"சிஸ்டர், நான் கல்லப் பத்தி மட்டுந்தான் பேசினேன். ஸ்க்ரூவப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"இவருக்கு அது ரெண்டும் ஒண்ணு."

பாஸ்டர் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். "பிரதர், விசுவாசம் வேற, ஸ்க்ரூ வேற."

"எந்த இடத்துல வேறயாகுது பாஸ்டர்? அந்த இடத்த மட்டும் காட்டுங்க, அங்கேருந்து நான் நீளமா போட்டுடறேன்." அண்ணன் கிண்டலாகக் கேட்கவில்லை. காட்டினால் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்வார் போல நின்றார்.

பாஸ்டர் சூடான டீயை ஒரே வாயாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அப்புறம், "ஜெபிப்போம்," என்றார். நீளமான ஜெபம். நடுவில் நான் லேசாகக் கண்ணைத் திறந்தேன். அக்காவும் கண்ணைத் திறந்து, கூரை ஓட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் சொன்ன வேகத்தில் பாஸ்டர் கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, உள்ளே நுழையாமல் கையை மட்டும் நீட்டி, "குடை," என்றார்.

"மேல இருக்கறவரு எப்ப வருவாருன்னு தெரியல," என்றார் அக்கா, குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து. "கீழ இருக்கறவங்க எல்லாம் எப்ப ஓடலாம்னு பாக்குறாங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. தம்பி வந்து, வேறு வேலை எங்காவது இருக்கிறதா என்று நாலு இடத்தில் கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பஸ் ஸ்டாண்டு சீருடை, தோளில் குறுக்காகத் தோல் பை. தம்பி சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதிலேயே யாரென்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க பெட்டி செய்யறவரு யாரு?"

"நான்தாம்மா," என்றார் அண்ணன்.

"எனக்குச் சாப்பாட்டு நேரம்தான் இருக்கு. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்." உட்காரச் சொல்லி அக்கா ஸ்டூலை நகர்த்தினார். அவர் உட்காரவில்லை. "ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் நான்தான் அப்பா பக்கத்துல இருந்தேன். அவரு கை என் கையில இருக்கறப்பத்தான் போனாரு. போயிட்டாருன்னு என்னை விட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்ல. மனசக் கல்லாக்கிக்கிட்டு, சட்டை மாத்திவிட்டு, தலை சீவிவிட்டு, எல்லாம் நானே பண்ணேன். அழவே இல்ல. அந்த மேட்டு வரைக்கும் நல்லாத்தான் வந்தேன்."

தோல் பையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மூடி நகர்ந்துச்சு. எனக்கு எல்லாம் மறந்துருச்சு. அப்பா எந்திரிக்கிறாருன்னு ஓடினேன். செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு, விட்டுட்டு ஓடினேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையிலேயே வந்தது இல்ல. கிட்ட போயிப் பாத்தேன். அவரு அப்படியேதான் இருந்தாரு. நான் சீவிவிட்ட மாதிரியே தலைமுடி. எங்கப்பா எனக்கு ரெண்டு தடவை செத்துட்டாரு. ரெண்டாவது தடவை எதனாலன்னு கேக்க வந்தேன். மரம் ஊறிப்போச்சா, ஸ்க்ரூ துரு பிடிச்சதா, என்ன?"

ஊறிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் முகம் 'அப்படிச் சொல்லித் தொலையேன்' என்று கெஞ்சியது. அண்ணன் சொல்லவில்லை.

"நான்தாம்மா பண்ணேன். வேணும்னே நாலு ஸ்க்ரூ குட்டையா வச்சேன்."

"எதுக்கு?"

அண்ணன் சொன்னார். எங்களிடம் சொன்னதையேதான் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, கிரீச் சத்தம் எல்லாம். ஆனால் இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் வாயிலிருந்து வெளியே வரக் கூச்சப்பட்டது.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "உங்க ஆண்டவருக்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியாதா?" என்றார்.

அக்கா கேட்ட அதே கேள்வி. அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"தெரியும்மா."

"எனக்கும் தெரியும். நானும் மாதா கோயிலுக்குப் போறவதான். அப்பாவும் கடைசி வரைக்கும் போனாரு. அவர மறுபடி பாப்பேன்னு நானும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கேன்." தோல் பையின் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆனா நான் காத்திருக்கணும்ல? அதுக்கு எனக்கு மூடி அசையாம இருக்கணும். அது அசைஞ்சா நான் எப்படிக் காத்திருப்பேன்? தினம் போயித் திறந்து திறந்து பாக்கச் சொல்லுமே மனசு. உங்களுக்கு அவரு வரப்போறாரு. எனக்கு எங்கப்பா அன்னைக்கு வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"மன்னிப்பெல்லாம் இப்ப கேக்காதீங்க. எனக்கு இன்னும் கோபம் போகல," என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு, வாசலில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் ஏதாவது சொல்லலாமா என்று வாயெடுத்தேன், அக்கா கையைக் காட்டித் தடுத்தார். அப்புறம் அண்ணன் அலமாரியில் துழாவி ஒரு டப்பாவை எடுத்தார். குட்டை ஸ்க்ரூக்கள். தூக்கி எறியவில்லை, கூரையில் ஏறி, ஓட்டையின் மேல் ஒரு தகரத் துண்டை வைத்து, அந்தக் குட்டைகளால் சுற்றி முறுக்கினார். மழைத் தூறலில், ஒவ்வொன்றாக. கீழே நின்று பார்த்த தம்பி, "மாமா, அப்ப அவரு வரலையா?" என்றார். அண்ணன் மேலிருந்தே, "வருவாரு மாப்ள. கதவு வழியா வரட்டும்," என்றார்.

இறங்கி வந்து, தயாராக இருந்த பெட்டிக்கு மூடியை வைத்தார். அக்கா வழக்கம்போலப் பெட்டிக்குள்ளும் மூடிக்கு உள்பக்கமும் வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாக அடித்து முடித்திருந்தார். ஆறு நீள ஸ்க்ரூ. மெஷினைத் தொடவில்லை, கையாலேயே முறுக்கினார். ஒவ்வொன்றும் கடைசிச் சுற்றில் கிரீச் என்றது. ஒவ்வொரு கிரீச்சுக்கும் அவர் கண் மூடித் திறந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், மூன்றாவதில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஆறும் முடிந்ததும் உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தார். அக்கா டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

சனிக்கிழமை கோட்டுக்காரர் வந்தார். மூடியைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. தம்பியையும் என்னையும் ஒரு பக்கம் தூக்கச் சொன்னார், பெட்டி சாய்ந்தது, மூடி அசையவில்லை. "ஒண்ணு கழட்டுங்க," என்றார். சுண்டுவிரல் நீளம். ஆறையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இதுக்குப் போயி ஒரு வாரம் என்னைய அலைய விட்டீங்களே மேஸ்திரி," என்றார். சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கித் திருப்பினார். துணியைப் பார்த்தார். விரலால் தடவினார். "இது என்ன, இத்தனை நாளா நான் கவனிக்கல, மூடிக்கு உள்ளயும் அடிச்சிருக்கீங்க? அதுவும் இவ்வளவு மடிப்பு வச்சு. மத்த பட்டறையில எல்லாம் வெறும் பலகைதான். இனிமே இது வேணாம், துணிக்குக் கேடு. கடைசியா மூஞ்சி பாக்கறப்ப மூடி தனியா ஓரமா சுவத்துல சாஞ்சு கிடக்கும். மூடினதுக்கப்புறம் உள்பக்கத்த யாரு பாக்கப்போறா?"

அக்கா கையில் ஸ்டேப்ளர் இருந்தது. எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். கோட்டுக்காரருக்கு, பாஸ்டருக்கு, கட்டினவருக்கு, எல்லாருக்கும் உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தவர். இப்போது ஸ்டேப்ளரில் ஊசி இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

அண்ணன் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "யாரு பாக்கப்போறா?"

"உங்க வேலையப் பாருங்க."

"நான் இத்தனை வருஷமா அழகுக்குன்னுதான் நெனச்சேன்."

"அழகுக்குத்தான்."

"யாரும் பாக்காத இடத்துல என்ன அழகு?"

"ஏன், கண்ணு முழிச்ச உடனே மனுஷன் மூஞ்சிக்கு நேரா சொரசொரன்னு வெறும் பலகையப் பாக்கணுமா?" என்று எரிந்து விழுந்தார் அக்கா. அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது போல. கோட்டுக்காரர் பக்கம் திரும்பி, "துணி என் செலவு. மூடிக்கு நான் அடிப்பேன். வேணாம்னா பெட்டிய இங்கயே வச்சுட்டுப் போங்க," என்றார்.

கோட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வீட்டில் யாரோடு பேசுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. "என்னமோ பண்ணித் தொலைங்க. ஸ்க்ரூ நீளமா இருந்தா சரி," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தம்பி சாவியைச் சுழற்றிக்கொண்டே, விட்டால் போதும் என்று பின்னால் ஓடினார்.

அண்ணன் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் போய், ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தார். புதிதாகத் தைத்த பொத்தானை விரலால் உருட்டினார். "இதையும் புலம்பிக்கிட்டேதான தச்ச?" என்றார்.

"பேச்சக் குறைங்க. உப்புத்தாள எடுங்க. அடுத்த பெட்டி சாயங்காலத்துக்குள்ள முடியணும்ல?"

அதற்கப்புறம் எத்தனையோ பெட்டி போய்விட்டது. எல்லாவற்றிலும் ஆறும் நீளம்தான். தம்பி இப்போது ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் முறுக்குகிறார். அக்காவும் இன்றைக்கு வரை மூடியின் உள்பக்கம் மடிப்பு வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார், திட்டிக்கொண்டே. நான் மாடியில் படுத்துக்கொண்டு கீழே கேட்கிற கிரீச்சையும் டக் டக்கையும் மாறி மாறிக் கேட்கிறேன். மூடியைத் தளர்த்தி வைத்தவரா, இறுக்கி மூடுகிற மூடிக்கு உள்ளே துணி வைத்தவரா, மூடி அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாரே அந்தப் பெண்ணா, இவர்களில் நிஜமாகவே காத்திருந்தது யார்? நானே தினம் ஒரு பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் சொல்லுங்களேன், உங்களுக்கு யார் என்று தோன்றுகிறது?